ஆட்டத்தின் நினைவு யார் கையில்?
வீடியோ கேம் காப்புரிமை வழக்குகளில் சான்றின் இடம்

முன்னுரை

2024 செப்டம்பர் 18 அன்று நின்டெண்டோவும் போகிமான் கம்பெனியும் சேர்ந்து பாக்கெட்பேர் என்ற டோக்கியோ நிறுவனத்தின்மீது அந்நகர மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. பாக்கெட்பேரின் 'பால்வேர்ல்ட்' அந்த ஆண்டு ஜனவரி 19 அன்றுதான் வெளியாகியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டரைக் கோடி ஆட்டக்காரர்கள் அதற்குச் சேர்ந்தார்கள். அதில் உலவும் விலங்குகள் போகிமான் உருவங்களைப் போலவே இருக்கின்றன என்ற பேச்சு முதல் நாளிலிருந்தே இருந்ததால், வழக்கு என்று ஒன்று வந்தால் பதிப்புரிமையின்கீழ்தான் வரும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். வந்தது காப்புரிமை வழக்கு, அதாவது பேட்டன்ட் வழக்கு. பொருளை எறிந்து உயிரினத்தைப் பிடிப்பது, சவாரி செய்யும் விலங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தடையின்றி மாறுவது போன்ற ஆட்டச் செயல்களே வழக்கின் பொருளாயின. கேட்கப்பட்ட இழப்பீடு இரு நிறுவனங்களுக்கும் தலா 50 லட்சம் யென்னும் தாமதத்துக்கான தொகையும். இவ்வளவு விற்ற ஆட்டத்துக்கு இது மிகச் சிறிய தொகை. உடன் கேட்கப்பட்ட தடையுத்தரவே உண்மையான கோரிக்கை என்று கொள்வதே பொருத்தம்.

இத்தகைய வழக்குகளைப் பற்றி இரண்டு விளக்கங்கள் வழக்கத்தில் உள்ளன. கண்டுபிடித்தவருக்குக் குறிப்பிட்ட காலம் தனியுரிமை தந்தால்தான் அடுத்தவர் கண்டுபிடிக்க முன்வருவார், வழக்கு அந்த ஏற்பாட்டின் காவல் என்பது சட்டத்துறையினர் பலரின் பார்வை. பெரிய நிறுவனம் சிறியதை நசுக்கக் கையாளும் கருவி இது என்பது ஆட்டக்காரர்களின் பார்வை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த வழக்குகள் ஏன் இப்படி முடிகின்றன என்பதை இரண்டும் விளக்குவதில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் வேறு இடத்தில் தொடங்குகிறது. காப்புரிமைச் சட்டம் ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது: இது ஏற்கெனவே இருந்ததா? வீடியோ கேம் துறையில் அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொல்லும் ஏற்பாடு இன்றுவரை உருவாகவில்லை. ஆட்டங்கள் ஆடப்பட்டு மறைகின்றன. காப்புரிமை அலுவலகம் பெரும்பாலும் எழுதிவைக்கப்பட்டதைத் தேடுகிறது. இந்த இடைவெளியில்தான் இத்துறையின் முக்கிய வழக்குகள் பிறந்தன என்பதை 1970களிலிருந்து இன்றுவரை உள்ள சான்றுகளைக் கொண்டு காட்ட முயல்கிறேன்.

1. பதிப்புரிமை கைவிட்ட இடம்

போட்டி நிறுவனங்கள் காப்புரிமையை நாடுவதற்கு முதற்காரணம், பதிப்புரிமை ஆட்ட விதிகளைக் காப்பதில்லை என்பது. 1988இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், டேட்டா ஈஸ்ட் நிறுவனம் எபிக்ஸ் மீது தொடுத்த கராத்தே ஆட்ட வழக்கில், இரண்டு ஆட்டங்களுக்கும் இடையிலான ஒற்றுமைகள் கராத்தே என்ற விளையாட்டிலிருந்தே வருபவை என்று கூறி வழக்கைத் தள்ளியது. ஜப்பானில் இதைவிடக் கூர்மையான திருப்பம் 2012இல் நிகழ்ந்தது. கைபேசி மீன்பிடி ஆட்டம் ஒன்றுக்காக க்ரீ நிறுவனம் டிஎன்ஏ மீது தொடுத்த வழக்கில், பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் பதிப்புரிமை மீறல் உண்டு என்றது. ஆகஸ்டில் அறிவுசார் சொத்துரிமை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. பொதுவான கருத்து ஒன்றாக இருப்பது மீறலாகாது என்பதே அதன் சாரம்.

இந்தத் தீர்ப்புகள் சரியானவை என்றே கருதுகிறேன். விதிக்கு உடைமையாளர் இருந்திருந்தால் சண்டை ஆட்டம், ஓட்டப்பந்தய ஆட்டம் போன்ற வகைகளே உருவாகியிருக்க முடியாது. ஆனால் பதிப்புரிமை விட்டுவிட்ட அந்த நிலத்துக்குள் காப்புரிமை நுழைந்தது. பின்னாளில் அதே க்ரீ, ஃபின்லாந்தின் சூப்பர்செல் மீது காப்புரிமை வழக்குகளைத் தொடுத்தது. டெக்சாஸ் நடுவர் குழுக்கள் 2020இல் 85 லட்சம் டாலரும் 2021இல் 9 கோடியே 22 லட்சம் டாலரும் க்ரீக்குத் தரவேண்டும் என்றன.

2. தேதியிட்ட காகிதத்தின் வலிமை

இத்துறையின் முதல் பெரிய வழக்கே சான்றைப் பற்றியதுதான். ரால்ஃப் பேயர் சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் என்ற பாதுகாப்புத்துறை ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர். வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டம் ஆடலாம் என்ற எண்ணத்தை 1966 செப்டம்பர் 1 அன்று நான்கு பக்கக் குறிப்பாக எழுதினார். பில் ஹாரிசன், பில் ரஷ் ஆகியோருடன் அடுத்த ஈராண்டுகளில் அவர் செய்துபார்த்த ஒவ்வொரு மாதிரிக்கும் எழுத்துத் தடம் இருந்தது. பாதுகாப்பு ஒப்பந்தங்களில் பழகிய நிறுவனத்துக்கு அது இயல்பான ஒழுங்கு. மேக்னவாக்ஸ் அந்த உரிமைகளைப் பெற்று 1972இல் 'ஒடிஸி'யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் நோலன் புஷ்னலின் அடாரி 'பாங்' ஆட்டத்தை வெளியிட்டது.

மேக்னவாக்ஸ் வழக்குத் தொடுத்தபோது புஷ்னலுக்கு எதிராகக் கனத்து நின்ற சான்று ஒரு கையெழுத்து. 1972 மே 24 அன்று கலிஃபோர்னியாவின் பர்லிங்கேமில் ஒடிஸியைக் காட்சிப்படுத்திய இடத்தில் பார்வையாளர் பதிவேட்டில் அவர் கையெழுத்திட்டிருந்தார். 1976இல் அடாரி சமரசம் செய்துகொண்டு உரிமம் பெற்றது. சிகாகோ டைனமிக் போன்ற மற்ற நிறுவனங்கள் வழக்காடின. 1977 ஜனவரியில் நீதிபதி ஜான் கிரேடி காப்புரிமை செல்லும் என்றார். ஆட்டக்காரர் நகர்த்தும் ஒரு புள்ளி, நகர்ந்துவரும் இன்னொரு புள்ளியைத் தொட்டதும் அதன் போக்கு மாறுகிறது என்ற அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருந்த கோரல், அதாவது உரிமையின் எல்லையைச் சொல்லும் வாசகம், அது. மட்டையும் பந்தும் கொண்ட எந்த ஆட்டமும் அதற்குள் அடங்கிவிடும். மேக்னவாக்ஸ் பிறகு மாட்டெல், ஆக்டிவிஷன் என வரிசையாக வழக்காடி வென்றது.

இங்கே இன்னொரு கதை இடைமறிக்கிறது. 1958 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், பார்வையாளர் நாளுக்காக இயற்பியலாளர் வில்லியம் ஹிக்கின்பாதம் அலைவுகாட்டித் திரையில் ஆடும் டென்னிஸ் ஆட்டம் ஒன்றைச் செய்துவைத்தார். மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். அவர் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் காட்டிவிட்டுக் கருவியைக் கழற்றி, பாகங்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1980களில் மேக்னவாக்ஸின் காப்புரிமையை உடைக்க முயன்ற நிறுவனம் ஒன்று இந்த ஆட்டத்தைத் தன் முதன்மைச் சான்றாக முன்வைத்தது. அது நின்டெண்டோ. அலைவுகாட்டி தொலைக்காட்சியைப் போலக் காணொளிச் சமிக்ஞையில் இயங்குவதில்லை என்ற வேறுபாடு மேக்னவாக்ஸுக்குத் துணைநின்றது. நின்டெண்டோ தோற்றது.

பேயரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது இதன் நோக்கமில்லை. கண்டுபிடிப்பாளர் என்ற பெயருக்கு அவர் முழுத் தகுதியுடையவர். ஆனால் மூவரின் நிலையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பேயரிடம் தேதியிட்ட காகிதங்கள் இருந்தன. புஷ்னலிடம் அந்த அளவுக்கு முன்னதான எழுத்துத் தடம் இல்லை. ஹிக்கின்பாதமிடம் ஆட்டம் இருந்தது, பிறகு அது கழற்றப்பட்டது. வழக்குகளின் முடிவு இந்த வரிசையிலேயே அமைந்தது. யார் முதலில் நினைத்தார் என்பதோடு, யாரிடம் அதற்குப் பதிவு இருந்தது என்பதும் சரிபாதியாக அங்கே முடிவுசெய்யப்பட்டது.

3. விதியும் கருவியும்: சட்டங்களின் தடுமாற்றம்

ஆட்ட விதிக்குக் காப்புரிமை இல்லை என்று எழுத்தளவில் பல சட்டங்கள் சொல்கின்றன. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52ஆம் பிரிவு, விளையாட்டு ஆடும் திட்டங்களையும் விதிகளையும் அவை 'அவையாகவே' கோரப்படும்போது விலக்குகிறது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் 3(எம்) பிரிவில் விளையாட்டு ஆடும் முறையையும், 3(கே) பிரிவில் கணினி நிரலை அதுவாகவே கோருவதையும் விலக்குகிறது. அமெரிக்காவில் 2014இல் ஆலிஸ் வழக்கின் தீர்ப்பு, அருவக் கருத்தைக் கணினியில் ஏற்றினால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்றது. ஜப்பானியச் சட்டமோ கண்டுபிடிப்பை இயற்கை விதிகளைப் பயன்படுத்தும் தொழில்நுட்பக் கருத்தின் உயர்ந்த படைப்பு என்று வரையறுக்கிறது. மென்பொருள் வன்பொருளோடு இணைந்து திட்டவட்டமாக இயங்கினால் வரையறைக்குள் வந்துவிடும்.

நடைமுறையில் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு 2006இல் ஐரோப்பிய மேல்முறையீட்டு வாரியம் தீர்த்த கோனாமி வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. கால்பந்து ஆட்டத்தில் பந்தைப் பெறவேண்டிய தோழன் திரைக்கு வெளியே இருந்தால், அவன் இருக்கும் திசையைத் திரையோரத்தில் குறியிட்டுக் காட்டுவது அந்தக் கோரல். திரையின் அளவு என்ற கட்டுப்பாட்டைத் தீர்ப்பதால் இது தொழில்நுட்பப் பண்பு உடையது என்றது வாரியம். இந்த நியாயத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இதன் விளைவு கவனத்துக்குரியது. நல்ல எழுத்தாளரின் கையில் எந்த ஆட்ட விதியையும் திரை, செயலி, உள்ளீட்டுக் கருவி ஆகியவற்றின் மொழியில் திருப்பி எழுதிவிடலாம். உருண்டையை எறிந்து விலங்கைப் பிடி என்பது விதி. உள்ளீட்டுக் குச்சியின் திசைக்கேற்ப இலக்குக் குறியைத் திரையில் நகர்த்தி, பொத்தான் விடுபட்டதும் மெய்நிகர் வெளியில் பொருளொன்றைச் செலுத்தி, மோதலைத் தீர்மானித்து, தீர்மானத்துக்கேற்ப உடைமை நிலையை மாற்றும் நிரலைத் தாங்கிய ஊடகம் என்றால் அது கோரல்.

ஆகவே தகுதி வாசலில் பெரும்பாலான கோரல்களைத் தடுக்க முடிவதில்லை. எல்லாப் பாரமும் அடுத்த வாசலில், அதாவது புதுமை, கண்டுபிடிப்புத் தகுதி என்ற சோதனையில் வந்து விழுகிறது. அந்தச் சோதனைக்கு உணவு முன்சான்று: விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கேனும் இது அறியப்பட்டிருந்ததா என்பதற்கான ஆதாரம்.

4. அலுவலகத்தின் நினைவும் ஆட்டத்தின் நினைவும்

நாம்கோவின் காப்புரிமை ஒன்று ஆட்டக்காரர்களுக்கு நன்கு தெரிந்தது. முதன்மை ஆட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது காத்திருப்பவர் ஆட ஒரு சிறு ஆட்டத்தைத் தருவது அதன் பொருள். 1995இல் விண்ணப்பித்து 1998இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டது. 2015 நவம்பரில் காலாவதியானது. ஆனால் காசட் நாடாவிலிருந்து நிரல் மெதுவாக ஏறிய கொமடோர் 64 காலத்திலேயே, 1987 வாக்கில், 'இன்வேட்-எ-லோட்' என்ற நிரல் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அன்று அந்தக் கணினியை வைத்திருந்த ஐரோப்பியச் சிறுவர்கள் பலருக்கு இது தெரியும். காப்புரிமை ஆய்வாளர் தேடும் ஆவணங்களிலோ நாடாவில் இருந்த நிரலுக்கு இடமில்லை. உரிமை நீதிமன்றத்தில் சோதிக்கப்படாமலேயே தன் ஆயுளை முடித்துக்கொண்டது.

நீதிமன்றம் வரை போன பழைய ஆட்டமும் உண்டு. 2014இல் கேப்காம் ஒசாகா மாவட்ட நீதிமன்றத்தில் கோயி டெக்மோமீது வழக்குத் தொடுத்தது. ஒரு காப்புரிமை, முந்தைய ஆட்டத்தின் வட்டை உட்செலுத்தினால் புதிய ஆட்டத்தில் கூடுதல் பகுதிகள் திறப்பது பற்றியது. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத எதிரி அருகே இருப்பதை அதிர்வால் உணர்த்துவது பற்றியது. 1980களில் நின்டெண்டோவின் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்காக வந்த ஆட்டத்தொடர் ஒன்றில், முதல் பாகத்தின் வட்டைக் கொண்டு அடுத்த பாகத்தில் பயன்பெற முடிந்தது என்று கோயி டெக்மோ காட்டியது. 2017 டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் முதல் காப்புரிமையில் கேப்காமின் பக்கம் நிற்கவில்லை. அதிர்வுக் காப்புரிமைக்காக மட்டும் 51 லட்சத்து 70 ஆயிரம் யென் தரச் சொன்னது. 2019 செப்டம்பரில் அறிவுசார் சொத்துரிமை உயர் நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. பழைய வட்டு மறுபடி எழுதக்கூடியது, அதில் ஆட்டக்காரரின் சேமிப்புத் தரவு இருந்தது. கேப்காமின் கோரலோ எழுத முடியாத வட்டைப் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது எளிதான படியன்று என்பது அதன் நியாயம். இழப்பீடு ஏறத்தாழ 14 கோடியே 38 லட்சம் யென்னாக உயர்ந்தது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் ஒரே சான்றின் இரு வாசிப்புகளாகக் காண்பது பயன்தரும். உயர் நீதிமன்றத்தின் வாசிப்பு சட்டப்படி தவறானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஆட்டத்தை வடிவமைக்கும் ஒருவருக்கு 'முந்தைய பாகத்தை வைத்திருப்பவருக்குப் பரிசு கொடு' என்பதே எண்ணம். வட்டு எழுதக்கூடியதா என்பது அன்றைய கருவியின் தற்செயல். நீதிமன்றம் கருவியைப் பார்த்தது, ஏனெனில் கோரல் கருவியின் மொழியில் எழுதப்பட்டிருந்தது. விதியைக் கருவியாக எழுதும் பழக்கம் உரிமை பெறும்போது மட்டும் உதவுவதில்லை. பழைய ஆட்டம் சாட்சிக் கூண்டில் ஏறும்போது அந்தச் சாட்சியைப் பலவீனப்படுத்தவும் செய்கிறது.

பழைய ஆட்டத்தைச் சாட்சியாகக் கொண்டுவர முதலில் அது கிடைக்கவேண்டும். அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை என்று கண்டது. நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய ஆட்டங்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பயன்படுத்த அனுமதி கேட்டன. நிறுவனங்களின் கூட்டமைப்பு அதை எதிர்த்தது; 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகம் அனுமதியை மறுத்தது. பதிப்புரிமையின் பெயரால் பழைய ஆட்டத்தின் கதவை மூடும் அதே துறை, காப்புரிமை அலுவலகத்தில் புதுமையைக் கோருகிறது. இதில் சதி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. விளைவு ஒன்றுதான்: புதுமையை மறுக்கும் சான்று, மறுக்கப்படுவோரின் பூட்டுக்குள் இருக்கிறது.

5. பால்வேர்ல்ட்: ஆட்டத்துக்குப் பின் வந்த கோரல்கள்

2024 நவம்பரில் பாக்கெட்பேர் வெளியிட்ட விவரங்களே இந்த வழக்கின் மையம். மூன்று ஜப்பானியக் காப்புரிமைகள் சுட்டப்பட்டிருந்தன. 7493117 எண்ணுள்ளது பிப்ரவரி 26 அன்று விண்ணப்பிக்கப்பட்டு மே 22 அன்று பதிவானது. 7528390 மார்ச் 5 அன்று விண்ணப்பிக்கப்பட்டு ஜூலை 26 அன்று பதிவானது. 7545191 ஜூலை 30 அன்று விண்ணப்பிக்கப்பட்டு ஆகஸ்ட் 27 அன்று பதிவானது, நான்கே வாரங்கள். மூன்றும் 2024ஆம் ஆண்டுத் தேதிகள், பால்வேர்ல்ட் சந்தைக்கு வந்த பிறகானவை. இருந்தும் இவை சட்டப்படி பழையவை. 2021 டிசம்பரில் தாக்கலான மூல விண்ணப்பத்தின் கிளைகளாக, பிரிவு விண்ணப்பங்களாக, இவை வந்தன. ஜப்பானியச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, மூல விளக்கத்துக்குள் அடங்கியதைப் பிரித்துப் புதிதாகக் கோரவும், அதற்கு மூலத்தின் தேதியையே பெறவும் அனுமதிக்கிறது.

இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். புதுமை 2021இன் அளவுகோலில் சோதிக்கப்படுகிறது. கோரலின் சொற்களோ 2024இல், போட்டியாளரின் ஆட்டம் எல்லாருடைய திரையிலும் ஓடிக்கொண்டிருந்தபோது எழுதப்படுகின்றன. பாக்கெட்பேர் தன் ஆட்டத்தை வடிவமைத்த ஆண்டுகளில் இந்தச் சொற்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நியாயத்துக்காகச் சொல்ல வேண்டியது: நின்டெண்டோ தரப்பின் 'போகிமான் லெஜண்ட்ஸ்: ஆர்சியஸ்' 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு 2022 ஜனவரியில் வெளியானது, பால்வேர்ல்ட் அறிவிக்கப்பட்டது 2021 ஜூனில். ஆகவே எண்ணம் யாருடையது என்ற கேள்வியில் நின்டெண்டோவுக்கும் வலுவான கதை உண்டு. இன்னொரு பக்கம், பாக்கெட்பேரின் முந்தைய ஆட்டமான 'கிராஃப்டோபியா' 2020 செப்டம்பரிலேயே வெளிவந்தது. உயிரினங்களை எறிபொருளால் பிடிப்பது அதிலும் உண்டு.

2025 அக்டோபரில் ஜப்பான் காப்புரிமை அலுவலகம் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு விண்ணப்பத்துக்குக் கண்டுபிடிப்புத் தகுதி இல்லை என்று மறுப்புக் காரணங்களைத் தெரிவித்தது. மேற்கோள் காட்டிய சான்றுகளில் 'ஆர்க்', 'மான்ஸ்டர் ஹன்டர் 4', 'கிராஃப்டோபியா', 'போகிமான் கோ' போன்ற ஆட்டங்களே இருந்தன. வெளியாள் ஒருவர் அலுவலகத்துக்கு அனுப்பிய தகவல் அந்த ஆய்வுக்குப் பயன்பட்டது. இது இறுதித் தீர்மானமில்லை. வழக்கிலுள்ள மூன்று காப்புரிமைகளை இது நேரடியாக வீழ்த்துவதுமில்லை. ஆனால் ஆட்டங்கள் ஆட்டங்களாகவே ஆய்வாளரின் மேசைக்கு வந்தபோது முடிவு வேறாக இருந்தது என்பது என் வாதத்துக்கு நேரடிச் சான்று. வழக்காவணங்களை ஒட்டி வந்த செய்திகளின்படி, ரசிகர்கள் ஆட்டங்களுக்குச் செய்த மாற்று நிரல்களையும் பாக்கெட்பேர் முன்சான்றாக வைத்தது. மூல ஆட்டமின்றி இயங்காத நிரலை அப்படிக் கொள்ளக்கூடாது என்று நின்டெண்டோ வாதிட்டது. இந்த வாதம் ஏற்கப்பட்டால் இழப்பு பெரிது. இத்துறையின் சோதனைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மாற்று நிரல்களில்தான் நடந்திருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே வரிசையில் ஒரு நிகழ்வு. துணைப்பாத்திரத்தை அழைத்துப் போரிடவைப்பது பற்றிய நின்டெண்டோவின் காப்புரிமை 2025 செப்டம்பரில் வழங்கப்பட்டது. நவம்பரில் காப்புரிமை அலுவலக இயக்குநர் தாமாகவே முன்வந்து அதன் மறு ஆய்வுக்கு உத்தரவிட்டார். அவர் சுட்டிய முன்சான்றுகள் கோனாமியின் 2002ஆம் ஆண்டு விண்ணப்பமும் நின்டெண்டோவின் சொந்த முந்தைய விண்ணப்பமும். இவை இரண்டும் காகிதங்கள்தாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆட்டங்கள் காகிதத்தில் இல்லாததே சிக்கல் என்ற என் வாதத்தை இது ஓரளவு திருத்துகிறது. அலுவலகத்தின் நினைவு குறைபட்டது என்பதோடு, இருக்கும் நினைவைத் தேடவும் ஆய்வாளருக்கு நேரம் போதவில்லை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே தீர்ப்புக்குக் காத்திராமல் ஆட்டம் மாறியது. 2024 நவம்பர் 30 அன்று வந்த திருத்தத்தில் உருண்டையை எறிந்து விலங்கை அழைக்கும் முறை நீக்கப்பட்டு, அது ஆட்டக்காரரின் அருகிலேயே தோன்றும்படி ஆனது. 2025 மேயில் விலங்கைப் பற்றிக்கொண்டு மிதக்கும் வசதியும் போய், மிதவைக் கருவி வந்தது. காப்புரிமை செல்லுமா என்று நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே, அது செல்லும் என்பதுபோல ஆட்டக்காரர்களின் அனுபவம் திருத்தப்பட்டுவிட்டது. நின்டெண்டோ முன்பு கொலோப்ல் என்ற நிறுவனத்தின்மீது தொடுத்த காப்புரிமை வழக்கிலும் இதே போக்கு. 2017 டிசம்பரில் 440 கோடி யென் கேட்டுத் தொடங்கிய வழக்கு, தொகை 900 கோடியைத் தாண்டி, 2021 ஆகஸ்டில் 330 கோடி யென் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கின் காப்புரிமைகளில் எது உண்மையில் புதியது என்பதைத் தீர்ப்பு ஒன்றில் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

6. மறுப்புகள்

பிரிவு விண்ணப்பம் சட்டம் தந்த உரிமை, மூல விளக்கத்தை மீறி எதையும் சேர்க்க முடியாது, அந்த விளக்கம் பதினெட்டு மாதங்களில் வெளியாகிவிடும், எச்சரிக்கையாக இருக்க விரும்புபவர் படித்துக்கொள்ளலாம் என்பது வலுவான மறுப்பு. அமெரிக்க நீதிமன்றம் 1988இல் கிங்ஸ்டவுன் வழக்கில், போட்டியாளரின் பொருளைப் பார்த்து கோரலைத் திருத்தி எழுதுவதில் தவறில்லை என்றே சொல்லியிருக்கிறது. மருந்துத் துறையில் இந்த விடை போதுமானதாக இருக்கலாம். வீடியோ கேம் விண்ணப்பங்களில் விளக்கப் பகுதி ஓர் ஆட்டத்தின் நூற்றுக்கணக்கான நிகழ்வுகளை வருணிக்கும் நீண்ட ஆவணம். அதில் எந்த நிகழ்வு நாளை கோரலாகும் என்று அதை எழுதியவருக்கே அன்று தெரியாது. வெளியிடப்பட்டது என்பதும் எச்சரிக்கப்பட்டது என்பதும் ஒன்றாகிவிடாது. காப்புரிமை என்ற பேரத்தில் சமூகம் பெறுவது எல்லை எதுவென்ற தெளிவு. பின்னால் வந்து பின்தேதியிடும் கோரல் அந்தத் தெளிவைத் தருவதில்லை.

காப்புரிமை சிறியவரைப் பெரியவரிடமிருந்து காக்கிறது என்பது அடுத்தது. ஆல்பெக்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் கதை இதைச் சோதிக்க உதவும். அது நின்டெண்டோமீது 1986இல் வழக்குத் தொடுத்தது. 1994இல் நடுவர் குழு 20 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கியது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீறலே இல்லை என்று அதைப் புரட்டியது. பத்தாண்டு வழக்காடும் திராணி எத்தனை சிறியவருக்கு இருக்கும்? உண்மையில் நகலெடுப்பால் புண்பட்ட சிறியவர்கள் காப்புரிமையின் நிழலில் இல்லை. 2014 பிப்ரவரியில் வந்த 'த்ரீஸ்' ஆட்டத்தை அடுத்த மாதமே '2048' மறைத்துவிட்டது. விண்ணப்பச் செலவும் காத்திருப்பும் அத்தகையோருக்கு எட்டாதவை.

மூன்றாவது மறுப்பை நான் எளிதில் தள்ளமாட்டேன்: துறை செழிப்பாகத்தானே இருக்கிறது, பாதிப்பு எங்கே? வார்னர் பிரதர்ஸ் 2021இல் பெற்ற 'நெமசிஸ்' காப்புரிமையால்தான் ஆட்டக்காரரை நினைவில் வைத்துப் பழிவாங்கும் எதிரிகள் வேறு ஆட்டங்களில் வரவில்லை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதற்கு நிரூபணம் இல்லை. அப்படியொரு அமைப்பைச் செய்வதற்கான செலவும் காரணமாக இருக்கலாம். தடை சில வேளை வேறு வழிகளைத் திறக்கவும் செய்கிறது. குன்பெய் யோகோய் வடிவமைத்த சிலுவைவடிவ திசைப்பொத்தானுக்கு நின்டெண்டோ காப்புரிமை வைத்திருந்த காலத்தில் சேகாவும் சோனியும் தத்தம் வடிவங்களைக் கண்டுகொண்டன. ஆனால் பொத்தான் தனிப்பொருள். அதற்கு மாற்று செய்யலாம். எறிவது, ஏறுவது, காத்திருக்கையில் ஆடுவது போன்றவை ஆட்டத்தின் சொற்கள். பால்வேர்ல்டில் நாம் கண்ட மாற்றம் வேறு நல்ல வழியைத் தேடிப் போனதன்று. இருந்த வழியிலிருந்து விலகியது. பாக்கெட்பேரே அதைத் தன் ஆட்டக்காரர்களிடம் வருத்தத்தோடுதான் அறிவித்தது.

7. செய்ய வேண்டியவை

காப்புரிமையையே இத்துறையிலிருந்து அகற்ற வேண்டும் என்ற முடிவுக்கு இந்தச் சான்றுகள் கொண்டுசெல்லவில்லை. பேயரின் தொலைக்காட்சிக் கருவி காக்கப்படத் தகுந்த பொறியியல். வாயசைவை விதிகளால் தானியக்கமாக்கும் முறை தொடர்பாக மெக்ரோ நிறுவனம் பண்டாய் நாம்கோமீது தொடுத்த வழக்கில், 2016இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தகுதியுள்ள கண்டுபிடிப்பாகக் கொண்டதிலும் நியாயம் உண்டு. மாற வேண்டியவை மூன்று. முதலாவது, மூல விண்ணப்பம் வெளியான பிறகு, பிரிவு விண்ணப்பம் வருவதற்கு முன், சந்தைக்கு வந்துவிட்ட ஆட்டத்தின்மீது தடையுத்தரவு கேட்கும் உரிமை குறைக்கப்பட வேண்டும். நியாயமான உரிமத்தொகை போதும். இரண்டாவது, ஆடத்தக்க நிலையிலுள்ள ஆட்டங்களின் பொதுக் காப்பகத்தைக் காப்புரிமை ஆய்வுக்குத் திறக்கும் விதிவிலக்கு பதிப்புரிமைச் சட்டங்களில் வர வேண்டும். மூன்றாவது, நிறுவனங்கள் தாமாகச் செய்யக்கூடியது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2021இல், 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தின் சைகைக் குறி முறை உள்ளிட்ட சில காப்புரிமைகளை மாற்றுத்திறனாளிகளின் வசதிக்காக யார்மீதும் ஏவமாட்டோம் என்று உறுதியளித்தது. அந்த உறுதி விதிவிலக்காகவே நின்றுவிடாமல் வழக்கமாக வேண்டும்.

இந்தியாவில் ஆட்டம் உருவாக்குவோருக்கும் இதில் நேரடி வேலை உண்டு. நம் சட்டத்தின் 25(1) பிரிவின்படி, வெளியிடப்பட்ட விண்ணப்பத்துக்குக் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதற்கு வழக்காடும் உரிமையோ போட்டி நிறுவனமாக இருக்கும் தகுதியோ தேவையில்லை. சென்னை உட்பட நான்கு நகரங்களில் காப்புரிமை அலுவலகம் இயங்குகிறது. அங்கே ஓர் ஆட்டத்தைச் சாட்சியாகக் கொண்டுபோக வேண்டுமானால், அதன் பதிப்பும் தேதியும் விதிகளின் விளக்கமும் பொதுவில் பதிவாகியிருக்க வேண்டும். சிறிய ஆட்டத்தை வெளியிடுபவரும், கல்லூரிப் போட்டிக்காகச் செய்து பார்ப்பவரும், இன்னொருவரின் ஆட்டத்துக்கு மாற்று நிரல் எழுதுபவரும் அந்தப் பதிவை இன்றே செய்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.